வெறுஞ்செம்பாத் தராத

இது நடந்தது. கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கம் போய், விடியும் முன் தேயிலைக்குள் தனியாக இறங்கிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

1956, பெப்ரவரி. நாற்பது நாளாக மழை இல்லை. மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் காற்றுத்தான் வந்தது. ஓடை சேறாகிவிட்டது. தோட்டத்து வண்டி கொண்டுவரும் ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு நாளாக வரவில்லை. அம்மாக்கண்ணுவின் பத்து மாதக் குழந்தைக்கு வயிற்றோட்டம். நாக்கு ஒட்டிப்போய்விட்டது, அழுதால் கண்ணீர்கூட இல்லை. தண்ணீர் தேடி அகரப்பத்தனைக்குப் போன புருஷன் சோலைமலையையும் காணோம். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? குழந்தையை லயத்தில் பக்கத்து அறையான பக்கத்துக் காம்பரா ராசம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெளுத்த வேட்டி ஒன்றையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினாள்.

தேயிலை ஸ்டோர் மணி ஐந்து அடித்தது. கொழுந்தின் மேல் வேட்டியைப் போட்டு அழுத்தினால் பனி ஊறும், பிழிந்தால் தண்ணீர். முதல் பிழிவில் தூசி வரும், அதைக் கீழே விட்டாள். இருபது செடிக்கு அரை மடக்குத்தான் தேறியது.

"மாரியாத்தா... எம் புள்ளய எடுத்துக்காத தாயே!" வாய்விட்டு அழுதாள்.

சொட்... சொட்...

அடுத்த நிரையில் முகம் தெரியாமல் முக்காடு போட்ட ஒருத்தி துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"புள்ளைக்கா?"

"ஆமாக்கா. பத்து மாசம்..."

"எனக்கும் பத்து மாசந்தான்."

அந்தக் குளிரில் அம்மாக்கண்ணு பேசினால் வாயில் புகை வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் நடந்து வந்த செடிகளில் பனி கலையவே இல்லை. துணியும் காய்ந்திருந்தது. ஆனாலும் சொட்டியது...

நிறைந்த செம்பு ஒன்று நீண்டது.

"கொண்டு போ. வெறுஞ்செம்பாத் தராத."

வாங்கினாள். நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை.

ஓடினாள்.

குழந்தை சங்கு சங்காகக் குடித்தது. அந்த அவசரத்தில் செம்பை யார் பார்த்தது? எட்டு மணிக்குக் குழந்தை அழுதது. கண்ணீரோடு அழுதது! மாலையில் சோலைமலையும் இரண்டு குடம் தண்ணீரோடு வந்து சேர்ந்தான்.

இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதல்லவா? அம்மாக்கண்ணு செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சீனியும் போட்டு, அந்த நிரையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள், மணி ஐந்து. கதவைத் திறந்தாள்.

வாசலில் அதே செம்பு.

பக்கத்தில், ஈரமாக, ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. அவள் குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்த ராசம்மா செம்பின் நெளிசலைத் தடவினாள்.

"இது ஏதுடி ஒனக்கு? எம் மக ராக்காயி செம்புடி இது! ரெண்டு வருசத்துக்கு முன்ன, இதே மாதிரி வறட்சியில, தாயும் புள்ளயும் தவிச்ச வாய்க்குத் தண்ணி இல்லாமப் போச்சுங்க. நாந்தான் இத அவ கையில வச்சுக் குழிக்கு அனுப்புனேன்..."

அம்மாக்கண்ணு செம்புக்குள் பார்த்தாள்.

திரும்பவும் காலியாக இருந்தது.