நாலாவது மதகு வரைக்கும்

எங்கள் வாய்க்கால் ரோட்டில் யாருக்காவது கிளினிக்கில் “ஒவ்வொரு நாளும் நடவுங்கோ” என்று சொல்லிவிட்டால், அவர்கள் அடுத்த நாள் காலையில் என் வீட்டு வாசல் படலையில் வந்து நிற்கிறார்கள். மருந்துக்கு ஆஸ்பத்திரி, நடைக்கு நான் என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. பரந்தன் சந்தியிலிருந்து கண்டாவளைப் பக்கமாக உள்ளே வந்தால் எல்லாம் வயல்தானே, எங்கே நடந்தாலும் நடைதானே என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒருவருக்கு மருந்தாகிற பாதை இன்னொருவரைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

நான் முதலில் கேட்பது முழங்காலா, நெஞ்சா, சீனியா என்றுதான். முழங்கால் வருத்தக்காரரைக் கிரவல் ரோட்டில் நடக்க விடமாட்டேன், கல் உருளும். அவர்களுக்கு வாய்க்கால் கரையின் மண்கட்டு. அதிலும் இரண்டாவது மதகு வரை போய் இருந்துவிட்டு வரச் சொல்வேன், அந்த மதகின் சுவர் கதிரை உயரம். முதலாவது மதகின் சுவர் தாழ்வு, அதில் இருந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். நெஞ்சு வருத்தக்காரர் போகும்போது காற்றுக்கு எதிரே போகவேண்டும், திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். சோளகக் காற்று தொடங்கிய பிறகு இதை மாற்றிச் செய்தவர்கள் பாதி வழியில் குந்திக்கொண்டு மகனுக்குப் போன் எடுப்பார்கள்.

சீனி வருத்தக்காரருக்கு வீடுகள் இல்லாத பாதைதான் நல்லது. பக்கத்து வளவு அக்கா ஒரு மாதம் ஒழுங்காக நடந்தும் சீனி ஏறிவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். விசாரித்துப் பார்த்தால், நடக்கிற வழியில் நாலு வீடு, நாலு வீட்டிலும் தேத்தண்ணி.

“கூப்பிடேக்க போகாட்டில் என்ன நினைப்பினம் பிள்ளை?” என்றார்.

“அப்ப சனம் நல்லா நினைக்கோணும் எண்டு சீனியைக் குடியுங்கோ,” என்றேன். இப்போது அவர் வயல் வரம்பால் நடக்கிறார். கொக்குகள் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுவதில்லை.

எங்கள் ரோட்டில் எல்லோரையும்விட வேகமாக நடக்கிறவர் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டுகிற தம்பி. அவருக்கு ஒரு கால் பொய்க்கால். அவர் என்னிடம் பாதை கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

எங்கள் சனத்தோடு உள்ள பெரிய வில்லங்கம் தூரம். எந்த இடத்தைக் கேட்டாலும் “உதிலதான், கிட்டத்தான்” என்பார்கள். கைக்குழந்தையையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து மாதக்கணக்காய் நடந்த கால்கள்; அதற்குப் பிறகு எல்லாத் தூரமும் உதிலதான் என்று ஆகிவிட்டது. வருத்தக்காரருக்கு அந்தக் கணக்கு சரிவராது. ஆகவே நான் மதகுகளால் அளக்கிறேன். எங்கள் படலையிலிருந்து வாய்க்காலோடு கீழே போனால் நாலு மதகு. நாலாவது மதகடியில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் ஏறுகிற மடை இருக்கிறது. வாய்க்கால் அதோடு முடிகிறது.

இந்தப் படிப்பையெல்லாம் நான் படித்தது ஒரே ஒருவருக்காக.

என் மனுசனைத்தான் கமக்காரர் அமைப்பு இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் பார்க்க விட்டிருந்தது. இடம்பெயர்ந்திருந்த காலம் போக மற்ற வருடமெல்லாம் அவர்தான் பார்த்தார். கோடையில் சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால், எங்கள் கடைசி வாய்க்காலுக்கு அது ஓடி வராது. காய்ந்து வெடித்த மண்ணெல்லாம் குடித்தது போக, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு மெல்ல நடந்துதான் வரும். அந்தத் தண்ணீருக்கு முன்னால் மண்வெட்டியோடு ஒருவர் நடக்கவேண்டும். சருகு அடைத்தால் இழுத்துவிடவேண்டும், நண்டு வளை கண்டால் மிதித்து அடைக்கவேண்டும், வயல்காரரைக் கூப்பிட்டு மடையடிக்கு வரச் சொல்லவேண்டும். அப்படி நடந்து எங்கள் படலையைக் கடக்கும்போது நான் தேத்தண்ணியோடு நிற்பேன். ஒரு வருடமாவது நின்று குடித்தவர் இல்லை. “தண்ணி நிக்காது” என்று சொல்லிக்கொண்டே போவார். நான் கோப்பையோடு பத்து அடி பின்னால் போய்விட்டுத் திரும்பிவிடுவேன். அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போதெல்லாம் ஓர் ஆசை இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவரோடு பக்கத்தில் பக்கத்தில் நாலாவது மதகு வரைக்கும் ஒருமுறையாவது நடக்கவேண்டும். கோயிலுக்குப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போனாலும் அவர் முன்னால் விறுவிறென்று போய்விடுவார், நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போவேன். எந்தச் சட்டையில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று எனக்குப் பாடம். முப்பது வருடமாய் எங்கள் சோடி நடை அவ்வளவுதான்.

முந்தின வருடம் மாரிக் காலபோகம் விதைத்த கையோடு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வாய் தப்பிவிட்டது. அதைச் சில நாட்களில் நான் ஒரு குறையாகவே நினைத்தேன். ஆஸ்பத்திரியால் வந்தவரைக் கார்த்திகை மழையில் குசினியிலிருந்து முன் விறாந்தை வரைக்கும் நடத்தினேன். தை மாதம் படலை வரைக்கும் வந்தார்.

மாசியில் செய்தி வந்தது, இந்தமுறை சிறுபோகத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கும் உண்டு என்று. எல்லா வருடமும் எங்களுக்குக் கிடைக்காது. குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்த்து முறை வைத்துத்தான் விடுவார்கள்.

“சித்திரையில தண்ணிக்கு முன்னால நான்தான் நடப்பன்,” என்றார்.

“முதல்ல படலையைத் தாண்டுங்கோ,” என்றேன் நான். ஆனால் அன்று இரவு எனக்கும் நித்திரை வரவில்லை. அடுத்த முறை எங்களுக்குத் தண்ணீர் வரும்போது அவருடைய கால் எந்த நிலையில் இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

நடக்க வைப்பதில் முதல் வில்லங்கம் காலால் வரவில்லை, கையால் வந்தது. எங்கள் ரோட்டில் ஓர் ஆண்பிள்ளை காலை ஏழு மணிக்கு வெறுங்கையோடு நடக்க முடியாது. “எங்க போறியள்?” என்று கேட்கிறவர்களுக்குச் “சும்மா நடக்கிறன்” என்று சொன்னால் விசர் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். கையில் கத்தியாவது கயிறாவது இருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பிள்ளை ஊன்றி நடக்க ஒரு பொல்லுத் தந்திருந்தது. அதை அவர் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். நான் யோசித்துப்போட்டு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன். இரும்பை நிலத்தில் வைத்துப் பிடியில் ஊன்றினால் பொல்லைவிட உறுதி. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அது நன்றாகத்தான் வேலை செய்தது. மாசி முடிவதற்குள் முதலாவது மதகு, பிறகு இரண்டாவது. எதிரே வருகிறவர்கள் “வயலுக்கோ அண்ணை?” என்று கேட்பார்கள். “ஓம், ஒருக்காப் பாத்திட்டு வருவம்,” என்று தலையை நிமிர்த்திச் சொல்வார். நான் பின்னால் போனேன், விழுந்தால் பிடிக்க. அப்போதும் நான் பார்த்தது அந்த முதுகைத்தான்.

பங்குனியில் எல்லோரும் வாய்க்கால் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வயல்காரருக்கும் இவ்வளவு நீளம் என்று பங்கு உண்டு. கீழே நின்று புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “அண்ணை, உங்கட பங்கு அப்பிடியே கிடக்கு. மண்வெட்டியோட வந்திட்டியள், நல்லதாப் போச்சு!” என்றார். அவரில் பிழை இல்லை. மண்வெட்டியோடு வருகிறவரை வேறு என்னவென்று நினைப்பது?

“வேண்டாம், இறங்காதேங்கோ,” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் இறங்கிவிட்டார். வலது கையாலேயே இரண்டு கொத்துக் கொத்தினார். மூன்றாவது கொத்துக்குக் கை ஓங்கியபோது இடது கால் சேற்றில் புதைந்து, அப்படியே குந்திவிட்டார். எழும்ப முடியவில்லை. லான்ட்மாஸ்டர் தம்பிதான் ஓடிவந்து, பொய்க்காலைக் கட்டின்மேல் ஊன்றிக்கொண்டு இழுத்து எடுத்தார்.

“அண்ணை, எனக்கு ஒண்டுதான் சொந்தம். உங்களுக்கு ரெண்டும் சொந்தம், பாத்துப் பாவியுங்கோ,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனுசன் சிரிக்கவில்லை.

மூன்று கிழமை அவர் படலையைத் தாண்டவில்லை. எனக்கு என்மேல்தான் ஆத்திரம். அவருடைய மானத்துக்கு ஏற்ற நடையைத் தேர்ந்தேனே தவிர, காலுக்கு ஏற்றதை யோசிக்கவில்லை. சித்திரை பிறந்ததும் பொல்லை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். “இதோட வாறதெண்டால் வாங்கோ, இல்லாட்டில் கதிரையிலயே இருங்கோ,” என்றேன். விடிந்தும் விடியாததுமாக, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து இரண்டாவது மதகு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன், அப்போதும் அவருக்குப் பின்னால்தான். லான்ட்மாஸ்டர் தம்பியிடம் தனியாக ஒரு கேள்வியும் கேட்டேன்: மூன்றாவது மதகிலிருந்து நாலாவது மதகுக்கு முதல் தண்ணீர் வர எவ்வளவு நேரம் எடுக்கும்?

“அரை மணித்தியாலம் எடுக்கும் அக்கா. வாய்க்கால் நல்லாக் காய்ஞ்சு கிடக்கு.”

எங்கள் ஆளுக்கும் ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுக்கு நடக்க அரை மணித்தியாலம்தான். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. முழு வாய்க்காலும் வேண்டாம், கடைசித் துண்டு மட்டும் போதும்.

தண்ணீர் வருகிற நாள் அவர் பொல்லைத் தொடவில்லை. மண்வெட்டிதான் வேண்டும் என்றார். இந்த ஒரு நாள் நானும் மறுக்கவில்லை. இருட்டோடு வெளிக்கிட்டு, மதகுக்கு மதகு இருந்து இருந்து, வெயில் ஏறுவதற்கு முன் மூன்றாவது மதகுக்கு வந்து சேர்ந்தோம். என் கையில் தேத்தண்ணிப் போத்தல். முதலில் நனைந்த புழுதியின் மணம் வந்தது. பிறகு வெடிப்புகள் தண்ணீர் குடிக்கிற சின்னச் சத்தம். அதற்கு முன்னால் நாலைந்து கொக்குகள், வெளியே ஓடிவருகிற பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தன.

அவர் எழும்பினார். நாங்கள் நடந்தோம். கட்டு ஒடுக்கம், இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடம் போதாது. நான் சரிவில் ஒரு காலும் மேலே ஒரு காலுமாய் நடந்தேன். பக்கத்தில் நடந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், என் நெஞ்சு கலியாணத்தன்று அடித்தது போல அடித்தது. அவர் கட்டின்மேல் நின்றபடியே மண்வெட்டியால் ஒரு சருகுக் குவியலை இழுத்துவிட்டார். “இஞ்ச பார், எப்பிடி வருது,” என்றார். அதற்கு முன் எந்த நாளும் தண்ணீரை எனக்குக் காட்டியவர் இல்லை.

பாதித் தூரத்தில் அவருடைய கால் இழுபடத் தொடங்கியது. தண்ணீரோ வேகம் பிடித்தது. அந்த வருடம் எல்லோரும் வாய்க்காலை அவ்வளவு நன்றாகத் துப்புரவு செய்திருந்தார்கள்; அதை நானும் கணக்கில் எடுக்கவில்லை, தம்பியும் எடுக்கவில்லை. தண்ணீர் எங்களுக்கு நேரே வந்தது. பிறகு எங்களைத் தாண்டிப் போனது. மடை வெட்டாமல் விட்டால் அது கடைசிக் கட்டை உடைத்துக்கொண்டு கழிவு வாய்க்காலில் போய்விடும்.

அவர் நின்றார். மண்வெட்டியை என் பக்கம் நீட்டினார்.

“நீ போ.”

“அப்ப நீங்கள்?”

“தண்ணி நிக்காது. போ.”

வேலிக்கு நட்டிருந்த பூவரசங் கதியாலை அவருடைய வலது கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு ஓடினேன். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரைத் தாண்டி, கொக்குகளைத் தாண்டி, மண்வெட்டியோடு முன்னால் போனேன். முப்பது வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது நான் இருந்தேன். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியது அவருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சரிவுதான். திரும்பிப் பார்த்தேன். அவர் கதியாலைப் பிடித்துக்கொண்டு என் முதுகைப் பார்த்தபடி நின்றார்.

மடையை வெட்டினேன். தண்ணீர் வயலுக்குள் ஏறியதைக் கண்டதும் வந்த வழியே ஓடினேன்.

“ஏறிட்டுதோ?”

“ஓம், ஏறிட்டுது.”

“நீ ரெண்டு தரம் திரும்பிப் பாத்தனி,” என்றார்.

“மூண்டு தரம்.”

“நான் ஒருக்காலும் பாக்கேல்லை, என்ன?”

போத்தலைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் நின்று குடித்தார், ஆறுதலாய், கடைசிச் சொட்டு வரைக்கும்.

இந்த வருடம் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் இல்லை. போன மாரிக்குப் பிறகு அவருடைய நடை திரும்பவும் படலை வரைக்கும்தான். ஊருக்கெல்லாம் பாதை சொல்கிற எனக்கு, அவருக்குச் சொல்ல அதைவிட நீளமான பாதை இல்லை. நாங்கள் சேர்ந்து நடந்தது மூன்றாவது மதகுக்கும் நாலாவது மதகுக்கும் நடுவில் பாதித் தூரம். மற்றப் பாதியையும் அவரோடு நடக்க எனக்கு ஆசையாய் இருக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

காலையில் அவரைப் படலை வரைக்கும் நடத்தி, பிடித்துக்கொள்ளப் படலையைக் கொடுத்துவிட்டு, நான் வயலைப் பார்க்கப் போகிறேன். நான் தேத்தண்ணியோடு நின்ற அதே இடத்தில் அவர் நிற்கிறார். கொஞ்சத் தூரம் போனதும் திரும்பிப் பார்ப்பேன்.

“என்னைப் பாக்காமல் ரோட்டைப் பாத்து நட!” என்று அங்கிருந்தே கத்துவார். வாய்தான் தப்பிவிட்டதே. நான் கேட்பதில்லை. முதலாவது மதகுக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்று தரம் பார்ப்பேன்.