கயிறு மாட்டிய கழுத்து

கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்தை விட்டு வடக்கே கண்டாவளைப் பக்கம் வந்தபோது, அம்மா கொழுந்துக் கூடையை லயத்து வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தார். கூடை தூக்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. இந்த ஊர்ப் பெண்கள் விறகுக் கட்டை உச்சந்தலையில் வைத்து நிமிர்ந்து போவார்கள். அம்மாவோ கொழுந்துக் கூடையைப் போலவே தலையில் கயிற்றை மாட்டி, கட்டை முதுகில் தொங்கவிட்டு, கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டு நடப்பார். அவர் பின்னால் நடந்து பழகிய நானும் அப்படித்தான் சுமந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டம் பழக்கிய ரீச்சர்தான் அதைக் கண்டுபிடித்தார். எனக்குத் தோள்பட்டையில் ஓயாத வலி. பாதி தூரத்திலேயே மூச்சு முட்டும்.

"முதுகில ஒண்டுமில்லை, பிறகேன் பிள்ளை மூட்டை சுமக்கிற மாதிரி ஓடுறாய்?" என்று கேட்டார்.

பாயில் மல்லாந்து படுத்து, நாடியைக் கழுத்தோடு சேர உள்ளே இழுத்து, விலா விரிய மூச்செடுக்கச் சொன்னார். பிறகு சுவரோடு முதுகை ஒட்டி நின்று கைகளை மெல்ல உயர்த்த வேண்டும். ஓடுவதற்குப் படுக்கச் சொல்கிறாரே, இது என்ன கூத்து என்று எனக்கு எரிச்சல். ஆனால் வலி விட்டது. மாவட்டப் போட்டிக்கும் தெரிவானேன். இனிச் சுமக்கக்கூடாது என்றார் ரீச்சர்.

வீட்டில் அம்மாவுக்குக் கழுத்துத் திரும்பவில்லை. கூப்பிட்டால் ஆளே முழுதாகத் திரும்புவார். நான் பழகியதையெல்லாம் அவருக்கும் செய்து காட்டினேன். பாயில் கிடக்கும்வரை சுகம். எழுந்து அடுப்படிக்குப் போனால் கழுத்து பழையபடி முன்னே போய்விடும்.

"காலமெல்லாம் குனிஞ்ச கழுத்துடி, இப்பச் சொன்னா கேக்குமா?" என்று விட்டுவிட்டார்.

விறகு விற்றால்தான் எங்களுக்கு அரிசி. காட்டுக்கு யார் போவது? போட்டி நெருங்கிய நேரத்தில் அம்மாவிடமிருந்து கயிற்றை நான் பிடுங்கிக்கொண்டேன். ஊர்ப் பெண்களைப் போல் கட்டை உச்சியில் வைத்துப் பார்த்தேன். நாலடி வைப்பதற்குள் சரிந்து விழுந்தது. வேறு வழியில்லாமல் கயிற்றையே மாட்டினேன். காலையில் பாயில் நேராக்கிய கழுத்து மாலையில் காட்டுப் பாதையில் வளைந்தது. யாரைக் கோபிப்பதென்று தெரியாமல் அழுதுகொண்டே நடந்தேன்.

போட்டியன்று, "நாடியை உள்ள எடு!" என்று ரீச்சர் கத்தினது காதில் விழத்தான் செய்தது. கழுத்துக் கேட்கவில்லை. கடைசிக்கு முந்தின ஆளாக வந்தேன்.

அம்மா உடம்பை முழுதாகத் திருப்பித் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கிட்ட வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். அவர் முகமெல்லாம் பெருமை.

"அச்சு அசலா என்னைய மாதிரியே ஓடுனடி" என்றார்.