பெருக்கக் கூடாத தோப்பு

பைன் மரத்துச் சருகின் மேல் வெயில் ஏறினால் பெயிண்டில் கலக்கிற டர்பன்டைன் வாசனை வரும். அடுகோடியில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு பெயிண்ட் பட்டறை இருந்ததால் எனக்கு அந்த நெடி புதிதல்ல. ஆனால் அது ஒரு மரத்திலிருந்தும் வரும் என்பதை, தொண்ணூறுகளின் நடுவில், என் பத்தாவது வயதில், பொம்மனஹள்ளியைத் தாண்டி ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தோப்பில்தான் தெரிந்துகொண்டேன். மர ஆராய்ச்சிக்காக வளர்த்த பைன் தோப்பு அது. அங்கே அம்மாவுக்கு வேலை கிடைத்திருந்தது.

அம்மாவுக்கு அதைவிடப் பொருந்தாத வேலை இருந்திருக்க முடியாது. அதற்கு முன் பத்து வருடம் ஒரு பள்ளிக்கூட வளாகத்தைப் பெருக்கியவள். தரையில் ஓர் இலை கிடந்தாலும் அவளுக்குக் கை பரபரக்கும். தோப்புக்குப் போன முதல் நாளே, ஆராய்ச்சியை நடத்திய மேடம் வருவதற்குள், மரத்தடி முழுவதையும் தென்னந்துடைப்பத்தால் வழித்தெடுத்து மூலையில் மலையாகக் குவித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாராட்டுக்காகக் காத்திருந்தாளாம். மேடம் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மரத்திலிருந்து எந்த மாதம் எவ்வளவு உதிர்கிறது, மழைக்கும் வெயிலுக்கும் அது எப்படிக் கூடிக் குறைகிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலையே. அதற்காக மரங்களுக்கடியில் முழங்கால் உயரத்தில் பன்னிரண்டு வலைப்பெட்டிகள் நின்றன. பெட்டியில் விழுந்தது எடைக்கு. தரையில் விழுந்தது அங்கேயே கிடந்து மக்க வேண்டும். அம்மா "கசா" என்று சொன்னதை மேடம் கன்னடத்தில் "தரகு" என்று திருத்தினார். குப்பை இல்லை, சருகு.

பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்து நான் பஸ் ஏறித் தோப்புக்குப் போவேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒவ்வொரு பெட்டியிலும் சேர்ந்ததைத் துணிப்பையில் அள்ள, பெட்டி எண்ணைச் சீட்டில் எழுதிப் பையில் போடுவது என் வேலை. ஊசி ஊசியான அந்த இலைகள் பாவாடைக்குள் புகுந்து பஸ்ஸில் வீடு திரும்பும்வரை குத்தும். மேடம் பைகளைக் கொண்டுபோய் உலர்த்தி, எடைபோட்டு, நோட்டில் எழுதுவார்.

மூன்றாவது வருடம் ஜனவரியில் பைகள் புடைத்துக்கொண்டு நின்றன. மேடம் அங்கேயே தோராயமாக ஓர் எடை போட்டு எழுதிவிட்டு, நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முந்தைய இரண்டு வருடமும் மார்ச்சில்தான் அவ்வளவு கொட்டியிருந்தது. "கன்னியம்மா, கீழ இருந்து அள்ளிப் போட்டுட்டீங்களா?" என்று தணிந்த குரலில்தான் கேட்டார்.

"நான் ஏன் மேடம் போடப்போறேன்? கார்த்திகைல மழையே இல்ல. மரம் தண்ணியில்லாம கொட்டுது."

மேடம் என் பக்கம் திரும்பினார். "புட்டி, நீ நிஜ ஹேளு." பாப்பா, உண்மையைச் சொல் என்கிறார். அம்மா ஆள் இல்லாதபோது பெட்டியின் கால்களைச் சுற்றிக் கிடந்த சருகைக் காலால் ஒதுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மரத்துக்குப் பின்னால் துடைப்பம் ஒளித்து வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். அள்ளிப் போட்டதை நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். நான் தரையைப் பார்த்தேன். மேடம் நோட்டில் அந்த எடையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். வேலை போய்விடும் என்பதுதான் என் பயம். அம்மாவுக்கோ அந்தக் கேள்விக்குறிதான் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் தன் பழைய நூல் சேலை இரண்டைப் பெட்டி அளவுக்கே ஆறு துண்டாகக் கிழித்துக்கொண்டு போனாள். "பெட்டி முட்டி ஒசரத்துல இருக்கு, அள்ளிப் போட்டேன்னு சொல்றீங்க. இத ஏணி வெச்சு, பெட்டிக்குப் பக்கத்துலயே மரத்துக்கு மரம் மேல கட்டுங்க. நீங்களே முடிச்சுப் போடுங்க, நீங்களே வந்து அவுருங்க. அதுவரைக்கும் நான் உள்ள காலே வெக்க மாட்டேன்." மேடமும் விட்டுவிடக்கூடியவர் அல்லர், அந்த ஒரு மாதம் பொய்யானால் மூன்று வருட உழைப்பும் சந்தேகத்துக்குள்ளாகும். ஏணி வந்தது. அம்மா பதினைந்து நாளும் கேட்டுக்கு வெளியே, உச்சி வெயிலிலும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் என்னைத் திட்டவில்லை. அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மேடம் தன் கையாலேயே முடிச்சுகளை அவிழ்த்தார். ஆறு துணியும் கனத்துத் தொங்கின. அங்கேயே தராசைக் கொண்டுவரச் சொல்லி, பெட்டியில் விழுந்ததையும் துணியில் விழுந்ததையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். முள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில், போன தடவை வந்த எடையிலேயே நின்றது. நோட்டைத் திறந்து கேள்விக்குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் எதையோ எழுதினார். அம்மா என்னை எட்டிப் பார்க்கச் சொன்னாள். 'கார்த்திகையில் மழை இல்லை – கன்னியம்மா' என்று கன்னடத்தில் இருந்தது. படித்துக் காட்டினேன். "இன்னொரு வாட்டி படி பாப்பா" என்றாள்.

இப்போது அங்கே தோப்பு இல்லை. பதினாலு மாடி அபார்ட்மென்ட் நிற்கிறது. போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி அங்கே வீடு வாங்கிப் பால் காய்ச்ச அழைத்திருந்தாள். அம்மாவையும் கூட்டிப் போனேன். பால்கனியிலிருந்து அவள் வெகுநேரம் கீழே பார்த்தாள். சிமென்ட் கல் பாவிய தரையில் ஓர் இலைகூட இல்லை. "நல்லாத்தான் பெருக்கறாங்க" என்றாள், பிடிக்காதவளாக.

இத்தனை வருடம் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். "அன்னைக்கு மேடம் கேட்டப்போ நான் வாயத் தொறந்திருக்கணும்மா."

அம்மா கீழே பார்த்தபடியே சொன்னாள்: "நீ சொல்லியிருந்தா, பாவம் கொழந்த சொல்லுதுன்னு விட்டிருப்பாங்க. நீ சொல்லாததாலதான் எட போட்டுப் பாத்தாங்க."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ரெண்டு சேல போச்சு" என்றாள்.