ஒரு முழு வியாழக்கிழமை

மருத்துவமனைகளில் படுக்கைக்குக் குறுக்கே இழுத்துவிடுவார்களே, சக்கரம் வைத்த சாப்பாட்டு மேசை, அதன்மேல்தான் என் மடிக்கணினி இருக்கும். திரையில் அட்லாண்டிக் கடல். மேசைக்கு அந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் அண்ணை. இடது கையில் இரண்டு ஊசிகள். அவருடைய இரத்தம் ஒன்றின் வழியே வெளியேறி, இயந்திரத்தில் சுத்தமாகி, மற்றதன் வழியே திரும்பி வரும். நாலரை மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கையில் கணினியின் மவுஸ். அதே கையில்தான் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையும். அரை மணிக்கு ஒருமுறை அது தானாக ஊதி இறுக்கும்போது எங்கள் நீர்மூழ்கி நடுக்கடலில் செய்வதறியாமல் நிற்கும். "இந்தா, பிடிச்சிட்டான்" என்பார் அண்ணை.

படிப்பதற்காக ஜெர்மனிக்கு வந்தபோது ஹம் நகரத்தில் அவர் வீட்டில்தான் எனக்கு அறை கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து, தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்கு மேல் நின்று வேலை செய்தவர். தனி ஆள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு திங்கள், புதன், வெள்ளி காலைகளில் டயாலிசிஸ். எனக்குக் காலை வகுப்பு இல்லாத நாள்களில் கூடப் போவேன். பொழுது போக வேண்டுமே என்று நான்தான் அந்த விளையாட்டைக் கணினியில் ஏற்றினேன். உலகப் போர்க் காலத்து ஜெர்மன் நீர்மூழ்கிக்கு நாம் தலைவர். எதிரிக் கப்பல்களைத் தேடி மூழ்கடிக்க வேண்டும்.

அண்ணை ஒரு கப்பலைக்கூட மூழ்கடித்ததில்லை. "சும்மா போற கப்பலை என்னத்துக்குத் தம்பி அடிப்பான்? அதுக்குள்ளை இருக்கிறவனுக்கும் வீடு வாசல் இருக்குத்தானே" என்பார். அவருக்கு வேண்டியதெல்லாம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்து சமுத்திரம் வரை போய்விட வேண்டும் என்று ஆசை. ஒரு தொட்டி எரிபொருள் அதற்குப் போதாது. அதற்காகவே கடலில் சில இடங்களில் வேறு நீர்மூழ்கிகள் காத்துக்கொண்டிருக்கும். அவற்றில் பீரங்கி பெரிதாக இருக்காது. வயிறு நிறைய எண்ணெயும் உணவும்தான். அந்தக் காலத்து மாலுமிகள் அவற்றைப் பால்மாடு என்று அழைத்தார்களாம். அந்தப் பெயர் அண்ணைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வரைபடத்தில் குறித்த கட்டத்துக்குப் போய், வேகத்தைக் குறைத்து, அருகில் ஒட்டி நின்றால் எரிபொருள் முள் மெல்ல மேலேறும். அது ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். டயாலிசிஸுக்குக் கிளம்பும்போதுகூட, "பால்மாட்டிட்டைப் போட்டு வாறன்" என்றுதான் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வார். அவர் ஒரு ஜெர்மன்காரர். இவர் தமிழில் சொன்னாலும் தலையாட்டுவார்.

முதல் பால்மாடு கிடைத்தது. இரண்டாவதற்காக ஆப்பிரிக்காவின் தெற்கு முனைவரை போனோம். குறித்த கட்டத்தில் வெறும் தண்ணீர். போர் நீள நீள அந்தப் படகுகளை எதிரி ஒவ்வொன்றாக மூழ்கடித்துவிடுவான்; அதை விளையாட்டு நமக்கு அறிவிப்பதில்லை. நாங்கள் போய் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். "கொஞ்சம் சுத்திப் பாப்பம், எங்கையும் தள்ளி நிக்கும்" என்று அண்ணை மூன்று நாள்கள் சுற்றினார். முள் அடியைத் தொட்டது. படகு அசைவற்று மிதந்தது.

அந்த வாரத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அக்கா கூப்பிட்டார். அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டார், கரண்டியில் தண்ணீர் மட்டும் இறங்குகிறது என்றார். அண்ணை அம்மாவைப் பார்த்துப் பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. அன்று அவர் காகிதம் எடுத்துக் கட்டம் போட்டார். "ரெண்டு நாள் ஓடலாம் தம்பி. மூண்டாம் நாள் பால்மாடு வேணும்." யாழ்ப்பாணத்தில் வெளியூர்க்காரருக்கு இயந்திரம் இல்லை என்று அக்கா விசாரித்துச் சொல்லியிருந்தார். ஆகவே திங்கள் காலை ஹம்மில் டயாலிசிஸ், மாலை விமானம். புதன் காலை கொழும்பில் டயாலிசிஸ், அன்றே யாழ்ப்பாணம். வெள்ளி மாலை மறுபடி கொழும்பில். நடுவில் அம்மாவோடு ஒரு முழு வியாழக்கிழமை. "ஒரு நாள் கிடைச்சாப் போதும்" என்றார். கொழும்பில் இரண்டு வேளைக்கு ஒரு நாற்காலி பிடிக்க வேண்டும். அதை என்னிடம் ஒப்படைத்தார்.

என் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது. அலுவலகப் படிகளில் "நாளைக்கு வா" என்ற வாய்ச்சொல்லை நம்பியே அவர் நாள்கள் கழிந்தன. எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக என்னைப் படிக்க அனுப்பியதே, எவனிடமும் எழுதி வாங்கத் தெரிந்த ஒருவன் வீட்டில் இருக்கட்டும் என்றுதான். ஜெர்மனி அந்த நம்பிக்கையை இன்னும் கெட்டியாக்கியது. இங்கே எதற்கும் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுத வேண்டும். எழுதியதற்குப் பதில் வரும். நான் கொழும்பில் ஒரு மருத்துவமனைக்கு இரண்டு பக்கம் எழுதினேன். மருத்துவர் அறிக்கைகளை மொழிபெயர்த்து, எண் போட்டு இணைத்தேன். அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

நான்காம் நாள் அண்ணை கேட்டார். "ஒருக்கா ரெலிபோன் எடுத்துக் கதைப்பமே? அங்கை உந்தக் காயிதமெல்லாம் ஆர் படிக்கினம்?"

"எழுத்துல இருந்தாதான் அண்ணே நமக்குப் பிடி. போன்ல சரின்னு சொல்லிட்டு நேர்ல இல்லைன்னா என்ன பண்றது?"

"ஓம், நீர் படிச்ச ஆள். உம்மட விருப்பம்."

அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். ஒன்பதாம் நாள் ஒரே ஒரு வரியில் பதில் வந்தது. இடம் ஒதுக்குவது தொலைபேசியில் மட்டும். உடனே கூப்பிட்டேன். எடுத்த பெண் தமிழில் தன்மையாகப் பேசினார். "போன கிழமை எடுத்திருந்தா ரெண்டு நாளும் தந்திருப்பேனே. இப்ப மூணு கிழமை போகணும் தம்பி." அந்தத் தேதிக்கே பதிந்துகொண்டோம். அண்ணை நாள்காட்டியில் குறித்துவைத்தார்.

இரண்டாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை அம்மா இறந்துவிட்டார்.

மறுநாள் புதன். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் உடலை எடுக்க வேண்டும். எங்களுக்கு அது காலை எட்டரை. ஏழு மணிக்கே அண்ணைக்கு ஊசி ஏற்றியாயிற்று. வேறு நேரத்துக்கு நாற்காலி இல்லை என்றார்கள். தள்ளிப்போட உடம்பும் இடம் கொடுக்கவில்லை. அந்த மேசையை ஒதுக்கிவிட்டு, அவர் முகத்துக்கு நேரே நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அக்கா பிடித்திருந்தார். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகன், அண்ணைதான் இளையவர். அவர் இடத்தில் அக்காவின் மகன் ஈர வேட்டியோடு நின்றான். பாடையைத் தூக்கினார்கள். பறை அதிர்ந்தது. அக்கா அழுதுகொண்டே வாசல் படலை வரைக்கும் பின்னால் வந்து, அங்கேயே நின்றுவிட்டார். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. போனும் அங்கேயே நின்றுவிட்டது.

போனை ஓர் ஆணிடம் கொடுக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அக்கா, போனை ஆரும் பெடியளிட்டைக் குடுங்கோ! அக்கா! சுடலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கோ!"

பறையில் எதுவும் கேட்கவில்லை. அக்காவின் கை தாழ்ந்தது. திரையில் மணலும், யார் யாருடையவோ கால்களும் தெரிந்தன. அண்ணை எழப் பார்த்தார். இயந்திரம் அலறியது. தாதி ஓடிவந்து அவர் கையை நேராக்கி, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். "விடும் தம்பி" என்றார் அண்ணை. "அவை இப்ப முழுகப் போயிருப்பினம்." இயந்திரத்தில் இன்னும் மூன்று மணி நேரம் மிச்சம் காட்டியது.

இப்போது நான் ஜெர்மனியிலேயே எர்லாங்கனில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கேட்டால் அன்றைக்கே விமானம் ஏறிவிடக்கூடிய உடம்பு எனக்கு இருக்கிறது. அண்ணை இன்றும் திங்கள், புதன், வெள்ளி போய் வருகிறார். பேசும்போதெல்லாம் என் வேலையைப் பற்றித்தான் கேட்பார். நான் அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொள்வேன்.

ஈமச்சடங்கு முடிந்து இரண்டு நாள். அதே நாற்காலியில் இருந்துகொண்டு, "கொழும்புக்குச் சொல்லிப்போடும் தம்பி, அந்த இடம் வேறை ஆருக்கும் உதவும்" என்றார். பழக்கத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். "எழுதாதையும். எடுத்துச் சொல்லும்."

அதே பெண்தான் எடுத்தார். பெயரைச் சொன்னதும் கண்டுபிடித்து நீக்கிவிட்டார். வேறு தேதி ஏதாவது போடட்டுமா என்று கேட்டார். நான் போனைப் பொத்திக்கொண்டு அண்ணையைப் பார்த்தேன்.

"என்னவாம்?"

"வேற தேதி வேணுமான்னு கேக்கறாங்க."

உண்மையிலேயே யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

"என்னத்துக்கு எண்டு கேளும்."

நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றேன். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டார். முழுதும் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.