மாரியாயி திட்டாத வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகள் குடியிருந்த லயத்தில், மருத்துவச்சி மாரியாயியின் வாய்க்குப் பயப்படாத பெண் கிடையாது. வலி கண்டவள் பக்கத்தில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிடுவாள். "ஏண்டி, தூங்கவா வந்தே? முக்குடி, மூதேவி!" தொடையில் ஓர் அறையும் விழும். அதற்காக அவளைக் கோபித்துக்கொண்டவள் யாருமில்லை. அந்த வசவில்தான் தெம்பு வந்தது என்பார்கள்.

செங்கல் சூளையில் வேலை செய்த சீனத்தி ஆ லான், லயத்தை ஒட்டிய பலகை வீட்டில் இருந்தாள். அவளுடைய தலைப்பிரசவத்துக்குப் போன மாரியாயி, பன்றிக்கொழுப்பு வாடை தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆ லான் பார்த்துவிட்டாள். அந்த வலியிலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெண் குழந்தை சுகமாகத்தான் பிறந்தது. மாரியாயிக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. வாடை வெறும் சாக்கு, சீனத்தி என்றாலே தனக்குள் ஓர் அருவருப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

வெட்கப்பட்டது நல்லதுதான். ஆனால் அந்த வெட்கம் செய்த வேலையைப் பாருங்கள். அதன்பின் ஆ லானிடம் மட்டும் தேன் ஒழுகப் பேசினாள். சிரித்துச் சிரித்தே அவளுக்குக் கன்னம் வலித்திருக்கும்.

இரண்டாம் பிரசவத்தில், பிள்ளையின் தலை தெரிந்த நேரத்தில் ஆ லான் சோர்ந்து கண்ணை மூடிவிட்டாள். மாரியாயிக்கு நாக்கு நுனிவரை வசவு வந்தது, கையும் ஓங்கியது. திட்டினால் உள்ளே இருக்கும் அருவருப்பு வெளியே வந்துவிடுமோ என்று பயந்து இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"பெலான் பெலான் லா. மெதுவா, மெதுவா" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நேரம் கைநழுவிப் போயிற்று.

வந்த ஆண் பிள்ளை நீலம் பாரித்திருந்தது. தலைகீழாகத் தூக்கித் தட்டியும் அழவில்லை.

துணியில் சுற்றிய பிள்ளையை மார்மேல் வைத்துக்கொண்டு ஆ லான் அரைகுறை மலாயில் கேட்டாள்.

"லயத்துல அந்தச் சீதாலெட்சுமிக்குப் புள்ள பொறந்தப்ப நீ திட்டிக் கத்துனது பலகைச் சுவர் வழியா எனக்குக் கேட்டுச்சு. அவ புள்ள பொழச்சுருச்சு. என்னை ஏன் திட்டல? அன்னைக்கு மூக்கைப் பொத்துன. இன்னும் அந்தக் கையை எடுக்கலையா?"

"ஐயோ, இல்லடி! அடி பாவி மகளே, இல்லடி!" மாரியாயி தமிழிலேயே கதறினாள். லயத்துப் பெண்ணைப்போல் அவளை வாய்விட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆ லான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.