மலை தெரியும்வரை

பேச்சிப்பாறை அணைக்கரையில் அன்னாசிப்பழத்தை, எங்கள் பேச்சில் கைதச்சக்கையை, நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக் கையில் தந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி எட்டு வயது ஆகிவிட்டது.

துபாயிலிருந்து விடுப்பில் வரும் அப்பா, திரும்பிப் போவதற்கு முந்தின நாள் அம்மாவையும் என்னையும் ஸ்கூட்டரில் இங்கேதான் கூட்டிவருவார். ஐப்பசி மழையில் ஊறிய ரப்பர் தோட்டங்களைத் தாண்டி வந்தால், தண்ணீருக்கு அப்பால் மலையை மேகம் மூடியிருக்கும்.

"மலையப் பாத்துட்டுப் போவோம் மக்களே" என்பார் அப்பா என்னிடம்.

"பெட்டி கெட்டணும்லா. மேகம் வெலகுனதும் கெளம்பிரணும்" என்பாள் அம்மா.

மேகம் விலகவே கூடாது என்று நான் கண்ணை இறுக மூடி வேண்டிக்கொள்வேன்.

"ஏட்டி, கண்ணப் பொத்திக்கிட்டு நின்னா மலை தெரியுமா?" என்று அம்மா கிண்டல் செய்வாள். அப்பா சிரிக்காமல் இன்னொரு துண்டு கைதச்சக்கை வாங்கித் தருவார். எப்படியும் மலை தெரிந்துவிடும்.

இன்று தோழிகளோடு வந்திருக்கிறேன். அப்பா இன்னும் துபாயில்தான். நான் இங்கே வந்திருப்பது தெரிந்து போனில் கூப்பிட்டார்.

"டூட்டிக்கு நேரமாச்சு மக்களே. மலை தெரியுதா?"

எதிரே மலை, துடைத்து வைத்ததுபோல் உச்சிவரை தெரிந்தது.

"இல்லப்பா, மூடிக் கெடக்கு."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் போனில் கேட்டது.

"அப்போ தெரியட்டும். அதுவர போன வைக்காண்டாம்."