வேற சாமி

தென்காசியில் என் வாடகை அறையில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் வீட்டுக்காரரிடம் கேட்டார்:

"அண்ணாச்சி, சாமிமாரு தங்க இடம் இருக்குமா?"

இதே கேள்வி சிறுவயதில் குற்றாலத்தில் என் காதில் விழுந்திருக்கிறது. அருவிக்கு வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வந்ததும் முன்னறையை மட்டும் அம்மா குடிலுக்காகக் காலி செய்துவிடுவாள். பினாயிலும் வைக்கோலும் கலந்து மணக்கும். "சாமி வருதாருலே, இடம் வேண்டாமா?" என்பாள்.

ஒரு மழை மாலையில் ஐயப்ப பக்தர்கள் கறுப்பு வேட்டி சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்கள். ஒருவர் காய்ச்சலில் நடுங்கினார்.

"எல்லா ரூம்லயும் ஆளு இருக்கு சாமி" என்று அம்மா கதவைச் சாத்தினாள்.

"சாமிக்குன்னுதானம்மா முன்ரூமக் காலி பண்ணுன?" என்று கேட்டேன்.

"அது வேற சாமிலே."

அன்று செபத்தில் "ஆண்டவரே, வாரும்" என்ற இடத்தில் அவள் குரல் நின்றது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். தெருவில் மழை மட்டும் இருந்தது.

இப்போது கீழே வீட்டுக்கார அண்ணாச்சி சொன்னார்: "இடம் இல்லியே சாமி."

என் அறையில் இரண்டு பேர் படுக்கலாம். வைக்கோலை அப்படியே போட்டுவிட்டுப் படிகளில் தாவி இறங்கினேன். கேட்டைத் திறப்பதற்குள் வேன் தெருமுனையில் திரும்பிவிட்டது.